இலவச வைத்தியமும் எமது தோட்டங்களும்

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்திலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுத்துப் பேணுபவன் என்பன அந்நான்கு. இவை ஒன்றுகூடினால்தான் மருத்துவம் நிறைவு பெறும் என்பது அவர் கருத்து. இக்காலத்தில் ஐந்தாவது கூறு ஒன்றையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. இவை அனைத்துக்கும் செலவு செய்பவர் யார், அச்செலவு எவருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதே அது.

இலங்கையின் இலவச வைத்திய சேவையை உலகம் மெச்சுகிறது. குறைந்த செலவிலே நிறைந்த பலன் கண்ட நாடு என்று அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அப்புகழ்ச்சி உண்மையானது, அதில் எமக்கும் பெருமை உண்டு. ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த நாம், அப்புகழ்ச்சியைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கேளாமல் இருக்க முடிவதில்லை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென்று சட்டம் இயற்றப்பட்டது இலவச வைத்தியத்துக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் முன்னரே அல்லவா? சட்டத்தில் முந்திய நாம் பலனில் பிந்தியது எவ்வாறு? வாலிப நண்பர்களோடும் பெரியோரோடும் சேர்ந்து அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தில் முந்தினோம்

இலங்கையில் அரசாங்கத்தின் சிவில் வைத்தியப் பகுதி 1858ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அக்காலத்திலே மலைநாடெங்கும் கோப்பிப் பயிர் செழித்திருந்தது. தென்னிந்தியாவின் வரண்ட மாவட்டங்களிலிருந்து எமது முன்னோர் கடலைக் கடந்து, காட்டு வழியே கால்நடையாக மலையேறினர். வழியிலே வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் எத்தனையோ பேரைக் கொண்டன. தோட்டத்தை அடைந்தோரும் பலர் நெடுநாள் வாழவில்லை. இந்த மரணங்களைப் பற்றிய பேச்சு கொழும்பிலும் இலண்டனிலும் எழுந்த பின்னரே 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தின்படி தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி, வைத்தியசாலை, மருந்துச்சாலை என்பது ஏற்பாடு. இதற்குரிய செலவு முதலிலே பயிரிட்ட நிலத்தின் மேல் ஏக்கர் கணக்கில் வரியாகவும், பின்னர் 1880களில் ஏற்றுமதியாகும் விளைபொருளின் மேல் தீர்வையாகவும் திரட்டப்பட்டது. எமது வரலாற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. தொழிலாளியின் வைத்தியச் செலவு பயிரின் கணக்கிலே எழுதப்பட்டது. கோப்பியின் இலையிலே 1869ஆம் ஆண்டில் காணப்பட்ட நோய், அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரையே அழித்துவிட்டது. பயிர் நொந்தபோது அதன் கணக்கில் எழுதப்பட்ட மருந்தும் நொந்தது. வைத்தியம் எப்பொழுது தேவை? பயிர் நொந்து, கூலி குறைந்து, வயிறு காய்ந்திருக்கும் வேளையில் அல்லவா? பயிரின் கணக்கில் எழுதப்பட்ட வைத்தியமோ சரியாக அந்த வேளையிலேதான் சுருங்குகிறது.

கோப்பிக்குப் பின் தேயிலையும் றப்பரும் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கு முழுவதும் றப்பர் மரங்கள் எழுந்தன. சிறு புகைவண்டிப் பாதை 1903இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர்ந்தது. அதே 1912ஆம் ஆண்டிலே தோட்ட வைத்தியச் சட்டமும் புதுக்கப்பட்டது. நோயாளியைப் பற்றி வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது தோட்டத்துரையின் கடமையாயிற்று. குழந்தை பெற்ற தாய்க்கு ஒரு மாத காலம் உணவும் இருப்பிடமும் அளிக்க வேண்டும் என்றும், வைத்தியர் தகுதி கூறினாலன்றி அந்த ஒரு மாதத்துக்குள் அவளை வேலைக்கு அழைக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் போஷணையும் துரையின் பொறுப்பில் விடப்பட்டது. அயற்கிராமத்துத் தாய்க்கு அந்நாளில் இத்தகைய சட்டம் எதுவும் இல்லை.

எழுத்தளவில் இவை நல்ல விதிகளே. இவற்றை மனமுவந்து நிறைவேற்றிய துரைமாரும் இருந்தனர். நல்ல வைத்தியசாலைகள் கட்டிய தோட்டங்களும் இருந்தன. அதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் விதியை நிறைவேற்ற வேண்டியவரும், அதற்குச் செலவு செய்ய வேண்டியவரும், செலவைக் குறைத்தால் இலாபம் அடைபவரும் ஒரே தரப்பினராக இருந்தனர். இவ்வாறான ஏற்பாட்டில் நோயாளியின் நன்மை துரையின் நற்குணத்தையே நம்பி நிற்க வேண்டியதாயிற்று. ஒருவர் நல்லவராக இருந்து, அடுத்து வருபவர் அவ்வாறு இல்லாவிட்டால் என்ன செய்வது?

கொக்கிப்புழு கற்பித்த பாடம்

1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தார் இலங்கைக்கு வந்து, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். சோதித்துப் பார்த்தபோது தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் குடலிலே இப்புழு இருந்தது. புழு இரத்தத்தை உறிஞ்சியதனால் சோகை பிடித்து வெளுத்துப்போனவர்களையே அதுவரை உலகம் சோம்பேறிகள் என்று ஏசியிருந்தது!

மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. சில மாதங்களிலே மீண்டும் புகுந்தது. காரணம் எளியது. லயங்களுக்கு மலசலகூடம் இல்லை. மண்ணிலே வெறுங்காலோடு நடப்பவனின் தோல் வழியே புழு ஏறிவிடும். மலசலகூடம் கட்டுவதற்குப் பணம் வேண்டும், அப்பணத்தைச் செலவிடத் தோட்டங்கள் பல தயங்கின. மருந்துக்குச் செலவிட்டது போதும், மண்ணைத் திருத்துவதற்குச் செலவிட வேண்டியதில்லை என்னும் கணக்கு எவ்வளவு பெரிய நட்டக் கணக்கு என்பதைக் கொக்கிப்புழு தெளிவாகக் காட்டியது.

அப்பாடத்தைக் கற்றவர்கள் 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவை நிறுவினர். வைத்தியசாலையின் வாசலில் நோயாளியை எதிர்பார்த்துக் காத்திராமல், சுகாதாரப் பரிசோதகரும் தாதியும் மருத்துவ மாதும் வீடு வீடாகச் சென்றனர். கருவுற்ற தாயைப் பதிவு செய்தல், குழந்தையை நிறுத்துப் பார்த்தல், கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்வையிடுதல் ஆகிய எளிய வேலைகளே இலங்கைச் சுகாதார சேவையின் முதுகெலும்பாயின. இம்முறை நாளடைவில் நாடெங்கும் பரவியது. ஆனால் தோட்டத்தின் எல்லைக் கல்லண்டையிலே மருத்துவ மாதின் பாதை நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருந்தவர்கள் தோட்டத்தின் பொறுப்பு!

கேகாலையை வாட்டிய காய்ச்சல்

1934ஆம் ஆண்டிலே பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றி, ஆற்றுப்படுகையெல்லாம் சிறு சிறு குட்டைகளாயின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அக்குட்டைகளிலே பெருகியது. வழக்கமாக மழை நிறைந்திருக்கும் எமது மாகாணத்து மக்கள் அதுவரை மலேரியாவோடு அதிகம் பழகாதவர்கள். அவர்கள் உடலிலே அதை எதிர்க்கும் வலிமை இருக்கவில்லை. 1934 ஒக்டோபர் முதல் பல மாதங்கள் காய்ச்சல் பரவியது. கேகாலை மாவட்டமே மிகக் கொடிய அடியைத் தாங்கிய இடங்களுள் ஒன்றாகும். தீவு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1935ஆம் ஆண்டிலே பிறந்த 1,000 குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்னரே இறந்தன.

அரசாங்கம் கொயினா அனுப்பியது, போதவில்லை. கொழும்பிலிருந்து வாலிபர் பலர் திரண்டு வந்து கேகாலைக் கிராமங்களிலே மருந்தும் பருப்பும் பகிர்ந்தனர். அவர்களுள் கலாநிதி என். எம். பெரேராவும் ஒருவர். பெருவியாதிக்கு முழுக் காரணம் நுளம்பு அன்று, வறுமையும் அதற்கு உடந்தை என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் றுவான்வெல்லைத் தொகுதியிலும் பிலிப் குணவர்த்தனா அவிசாவளைத் தொகுதியிலும் வெற்றி பெற்று அரசாங்க சபைக்குச் சென்றனர்.

தேர்தல் இங்கே எவ்வாறு வந்தது என்று நண்பர்கள் வினவலாம். டொனமூர் யாப்பின்படி 1931ஆம் ஆண்டிலே சர்வசன வாக்குரிமை கிடைத்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட தொகுதியின் பிரதிநிதி மீண்டும் அதே மக்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டியவரானார். 'எங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி எங்கே?' என்று கேட்கும் அதிகாரம் கிராமத்து உழவனுக்குக் கிடைத்தது. அதன் பின்னரே கிராமத்து வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் தாய் சேய் நிலையங்களும் விரைந்து பெருகின. வாக்குச் சீட்டும் ஒரு மருந்துச் சீட்டாகும் என்பதனை இவ்வரலாறு காட்டுகிறது.

1951: றப்பரும் இலவச வைத்தியமும்

பிரித்தானியாவிலே 1948ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. இந்தியாவிலே போர் குழுவினர், கட்டணம் கொடுக்க இயலாமை காரணமாக எவரும் வைத்தியம் இழக்கலாகாது என்று 1946இல் விதந்துரைத்தனர். இலங்கை 1951ஆம் ஆண்டிலே அரசாங்க வைத்தியசாலைகளின் கட்டணத்தை நீக்கியது. அதற்குச் சிறிது முன்னர் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா ஒடுங்கியிருந்தது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த மரண வீதம் ஒரே ஆண்டில் 14 அளவுக்கு இறங்கியது. 1930களின் தொடக்கத்திலே இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த நாடு இது. இன்று அத்தொகை 40க்கும் குறைவு.

இச்செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அந்நாளைய அரசாங்க வருமானத்தின் பெரும்பகுதிகளுள் ஒன்று தேயிலை, றப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதித் தீர்வை. 1950, 1951ஆம் ஆண்டுகளிலே கொரிய யுத்தம் காரணமாக றப்பரின் விலை வானளாவ உயர்ந்தது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியுமுன் எழுந்து, தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்களின் உழைப்பு அரசாங்கக் கருவூலத்தை நிறைத்த காலம் அது. வைத்தியம் இலவசமாகியதும் அக்காலத்திலேயே.

அதே காலத்திலேதான் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் சட்டங்களும் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைப் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் அற்றவர்களாக்கின. சேவைக்குப் பணம் ஈட்டிய கையிலே, சேவையைக் கேட்டுப் பெறும் சீட்டு இல்லாமற் போயிற்று. அரசாங்க வைத்தியசாலைக்குப் போகக்கூடாதென்று எமக்கு எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை. ஆனால் வைத்தியசாலை இன்ன இடத்தில் வேண்டும், மருத்துவ மாது இன்ன லயத்துக்கு வரவேண்டும், தமிழ் அறிந்தவர் ஒருவர் அங்கு இருக்கவேண்டும் என்று சொல்லும் குரல் எமக்கு இல்லாமற் போயிற்று. 'அவர்களைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும்' என்று அரசாங்கம் இருந்தது. 'இனி அரசாங்கம் இருக்கிறதே' என்று தோட்டம் இருந்தது. இருவர் பார்ப்பதாகச் சொன்ன பசு கறப்பாரின்றி மடி வற்றியது.

அப்பாயி சொன்ன கணக்கு

1973, 1974ஆம் ஆண்டுகளிலே உலகெங்கும் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. இலங்கையில் பங்கீட்டு அரிசி குறைந்தது. மா கிடைப்பது அரிதாயிற்று. கிராமத்தவருக்கு ஒரு துண்டு நிலமேனும் இருந்தது, மரவள்ளி நட்டுப் பிழைத்தனர். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கோ நடுவதற்கு மண் இல்லை. 1974இல் நாடு முழுவதற்கும் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 51ஆக இருந்தது. தோட்டங்களில் அது 100ஐயும் தாண்டியது. ஒரே நாடு, ஒரே இலவச வைத்தியம், ஒரே ஆண்டு. தோட்டத்துக் குழந்தை இறப்பது இருமடங்கு!

அந்த எண்களுக்குள்ளே எமது அப்பாயியின் தலைப்பிள்ளையும் உண்டு. எட்டு மாதக் குழந்தை. வயிற்றோட்டம் கண்டது. தோட்டத்து மருந்துச்சாலையிலே ஒரு போத்தல் கலவை மருந்து கொடுத்தனர். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றப் போயிருந்தது. கம்பளியிலே பிள்ளையைச் சுற்றிக்கொண்டு இருவரும் இறங்கி நடந்தனர். பாதி வழியிலே திரும்பி வந்தனர்.

பல்கலைக்கழகத்தில் இப்பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு விடுமுறைக்கு வந்து, "அப்பாயி, அப்பொழுதும் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசந்தானே?" என்று கேட்டோம். அவர் வெற்றிலையை மடித்தபடியே, "மருந்துக்கு யாரு ராசா காசு கேட்டா? மருந்துகிட்ட போய்ச் சேரத்தான் எங்ககிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். பொருளாதார நூல் பல கூறுவதை அவர் ஒரு வாக்கியத்தில் கூறிவிட்டார். விலையில்லாத மருந்து எட்டாத உயரத்தில் இருக்குமாயின் அது இலவசமன்று.

செலவும் பலனும்

சிலர், 'எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்பது ஏழை நாட்டுக்குத் தாங்காத சுமை' என்பர். இதற்கு இலங்கையின் கணக்கே விடை சொல்லும். நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாவுக்கு ஏறத்தாழ 2 ரூபாவோ அதனிலும் குறைவாகவோதான் அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிட்டு வந்திருக்கிறது. தனியார் செலவையும் சேர்த்தாலும் அது 4 ரூபா அளவே. ஐக்கிய அமெரிக்காவிலே இது 17 அளவில் இருக்கிறது. ஆயினும் இலங்கையர் சராசரியாக வாழும் வயதும் அமெரிக்கர் வாழும் வயதும் இன்று ஏறக்குறைய ஒன்றே. 1985ஆம் ஆண்டிலே ரொக்பெல்லர் நிதியத்தின் ஆதரவில் அறிஞர் கூடி, குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்களாகச் சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம், இலங்கை ஆகிய நான்கையும் எடுத்து ஆராய்ந்தனர்.

இது மாயமன்று. பிரசவத்துக்கு முன்னரே தாயை அறிந்திருக்கும் மருத்துவ மாது, பிற்பாடு நேரும் பெருஞ்செலவைத் தடுக்கிறாள். சம்பளத்துக்கு வேலை செய்யும் அரசாங்க வைத்தியருக்கு, தேவையற்ற மருந்தை எழுதிக் கட்டணம் கூட்டும் வேலை இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் விலைச்சீட்டு எழுதிப் பணம் அறவிடும் எழுத்தர் கூட்டம் வேண்டியதில்லை. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அமைந்த அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயரை விலக்கி மருந்தின் உண்மைப் பெயரால் மொத்தமாக வாங்கியதனால் விலை குறைந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார் பெருகியமை இவையனைத்துக்கும் துணைநின்றது.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். நோய் தொலைந்தது என்று கண்காணிப்பைத் தளர்த்தினர். 1969இல் நோயுற்றோர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது! மீண்டும் பல்லாண்டு உழைத்து, 2016ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்திடம் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றைப் பெற்றோம். 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் வழக்கம் வந்து, 1977இல் நீக்கப்பட்டது. 25 சதம் பெரிதா என்று கேட்கலாம். கையில் காசுள்ளவனுக்குப் பெரிதன்று. ஆகவே அது தடுத்து நிறுத்துவது காசில்லாதவனை மட்டுமே; நோயும் அவனிடமே மிகுதி.

இந்தச் சேவையிலும் குறை உண்டு. மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பணம் மொத்தச் செலவில் பாதியளவாகிவிட்டது. வெளிநோயாளர் பாதிப்பேர் தனியார் மருத்துவரை நாடுகின்றனர். ஆனால் படுக்கையில் கிடந்து வைத்தியம் பெறுவோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அரசாங்க வைத்தியசாலையிலேயே பெறுகின்றனர். பெருநோய் வந்தால் ஏழையின் நகையும் நிலமும் விற்கப்படாமல் காப்பது அந்த வைத்தியசாலையே.

எல்லைக் கல்லைக் கடந்து

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் வசமாயின. அதன் பின்னர் தோட்டங்களிலே மருத்துவ மாதரும் பிள்ளைக்காம்பராக்களும் தாய் சேய் நிலையங்களும் பெருகின. குழந்தை மரணம் விரைந்து குறைந்தது. வாக்குரிமையும் மெல்ல மெல்லத் திரும்பியது; 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் என்னும் நிலை தீர்ந்தது. 1992இல் தோட்ட முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1990களிலேயே தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது. அவ்வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. இன்று எமது தாய்மார் அநேகமாக அனைவரும் வைத்தியசாலையிலேயே பிரசவிக்கின்றனர். கரவனெல்லையிலும் பலாங்கொடையிலும் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் எம்மவருக்கு உயிர் மீட்ட வைத்தியரும் தாதியரும் எத்தனையோ பேர். அவர்களுட் பெரும்பாலோர் சிங்கள மக்கள் என்பதனை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

ஆயினும் கணக்கு முடியவில்லை. 2016ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டங்களிலே 100க்கு 32 பேர். 1974இல் கண்ட அதே இருமடங்கு! அக்காலம் அது மரணத்தில் தெரிந்தது; இன்று வளர்ச்சியில் தெரிகிறது. எலிக்காய்ச்சலும் டெங்குவும் எமது மாவட்டங்களை ஆண்டுதோறும் வருத்துகின்றன. தோட்டத்திலே நாம் 'டாக்டரையா' என்று அழைப்பவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளரே. அவரும் எல்லா நாட்களிலும் எல்லாத் தோட்டங்களிலும் இருப்பதில்லை.

யாவற்றிலும் பெரிய தடை செக்ரோலிலே இருக்கிறது. பட்டணத்து வைத்தியசாலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய பேர் இல்லை. விடியற்காலை பஸ் ஏறி, வரிசையில் நின்று, விளங்காத மொழியில் எழுதிய துண்டைப் பெற்று, மாலையில் திரும்பும்போது மருந்துக்கு ஒரு சதமும் கொடுத்திருக்கமாட்டாள். ஆனால் ஒரு நாட் சம்பளத்தையும் பஸ் காசையும் இழந்திருப்பாள். ஆகவே இருமலைப் பொறுத்துக்கொள்கிறாள், தலைச்சுற்றைப் பொறுத்துக்கொள்கிறாள், பொறுக்க முடியாத நாளில் போகிறாள். அந்நாளில் வைத்தியருக்கும் செலவு அதிகம், அவளுக்கும் ஆபத்து அதிகம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே மருந்தும் எரிபொருளும் தட்டுப்பட்டபோது, முதலில் வழி அடைபட்டதும் தூரத்திலிருந்து வரவேண்டிய இவளுக்கே.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நெடுகவும் ஒன்றையே சொல்கிறது. தொழிலாளியின் உடல்நலம் தோட்டத்தின் செலவாக எழுதப்பட்ட வரை, அது உரத்துக்கும் கத்திக்கும் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு செலவு. விலை விழும்போது வெட்டப்படும். பொதுவரியின் கணக்கில் எழுதப்பட்டபோதுதான் அது மனிதனின் உரிமையாயிற்று. ஆகவே, தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் ஏற்கும் பணி முடிவு பெறவேண்டும். அயற்கிராமத்துக்குச் செல்லும் மருத்துவ மாது அதே ஒழுங்கில் லயத்துக்கும் வரவேண்டும். இது சலுகையன்று. றப்பரும் தேயிலையும் கருவூலத்துக்குக் கொடுத்ததில் எமது பங்கைக் கேட்பதே. அதற்காகத் தோட்டக் கம்பனிகள் தம் கடமையிலிருந்து விலகிவிடலாம் என்பதன்று. குடிநீரும் மலசலகூடமும் உறுதியான வீடும் இல்லாமல் மருந்து மட்டும் கொடுப்பது கொக்கிப்புழுக் கதையாகவே முடியும்.

கேட்பதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. எமது பெண்பிள்ளைகள் மருத்துவ மாதராகவும் தாதியராகவும் பயிற்சி பெறவேண்டும். தமிழில் பேசும் ஒருவர் வாசலில் இருந்தால் பாதி நோய் தீரும். சங்க வாலிபர், வாரம் ஒருவராக முறைவைத்து, வைத்தியசாலைக்குச் செல்லும் முதியோருக்குத் துணைபோகலாம். மருந்துத் துண்டை வாசித்துக் காட்டலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். வள்ளுவர் கூறிய நான்காவது கூறு அருகிருந்து பேணுபவன் அல்லவா? பணமும் பதவியும் இல்லாத வாலிபனும் ஏற்கக்கூடிய கூறு அதுவே. பெரியோர்கள் தமக்கு நினைவிலுள்ள பிறப்பையும் இறப்பையும் எமக்குச் சொல்லிவைக்க வேண்டும். எழுதப்படாத மரணத்துக்கு எந்த அரசாங்கமும் கணக்குக் காட்டாது.

அப்பாயியின் தலைப்பிள்ளைக்கு ஒரு பெயரும் இட்டிருந்தனர். எந்தப் பதிவேட்டிலும் அப்பெயர் இல்லை; அவர் ஒருவரது நினைவிலே மட்டும் இருக்கிறது. மருந்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையே அன்று இருந்த தூரம் சில மைல்களே. அந்தத் தூரத்தை இல்லாமற் செய்வதே எமது தலைமுறைக்கு விடப்பட்ட வேலை என்று நாம் நம்புகிறோம்.